தந்தை சொல் காத்த தலைவர்

நம் ரிச்சர்ட்ஸ் டவுனிலும் அதனை அடுத்துள்ள காக்ஸ் டவுன், பிரேஸர் டவுன் பகுதிகளிலும் வாழ்கின்ற தமிழ்க் குடும்பங்களில், மாலை வேளையில் ஒரு வழக்கு நடவாத வீடு அரிது. பிள்ளை பந்தை எடுத்துக்கொண்டு மைதானத்திற்குப் புறப்படுவான். தந்தையார் பாடப் புத்தகத்தைச் சுட்டிக் காட்டுவார். தாயார் இருவருக்கும் இடையே நின்று திகைப்பார். விளையாட்டு சோறு போடுமா என்பது பெரியவர் கேட்கும் கேள்வி. விளையாடாத வயது ஒரு வயதா என்பது பிள்ளையின் மனத்தில் எழும் விடை. பிழைப்பை நாடிப் பிறந்த ஊரை விட்டு வந்த நமக்குக் கல்வி ஒன்றே முதல். அதனால் பெரியவர் அச்சம் நியாயமானதே.

இவ்வழக்கிற்குத் தீர்ப்புக் கூற, மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி ரயில்வே குமாஸ்தாவாகக் காலம் தள்ளும் அடியேனுக்குத் தகுதி இல்லை. கல்வி, ஆட்டம் என்னும் இரண்டையும் கைவிடாது காத்து, இரண்டினும் மேலாகத் தந்தைக்குக் கொடுத்த சொல்லையும் காத்த ஒருவருடைய வரலாற்றை நம் ஆண்டு விழா மலரில் எடுத்துரைப்பது ஒன்றே என் நோக்கம். அவரே சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து அணிக்குத் தலைமை தாங்கிய டாக்டர் டாலிமேரன் ஆவோ. அவர் தமிழர் அல்லர். நாகா மலைகளில் பிறந்தவர். ஆயினும் அவர் பின்னே களம் இறங்கிய அணியில் பெங்களூர் மைதானங்களில் ஆடிப் பழகியோர் பலர் இருந்தமையால், அவர் வரலாறு நமக்கும் உறவுடையதே ஆகும்.

பிறப்பும் இளமையும்

1918 ஆம் ஆண்டு ஜனவரி 28 ஆம் நாள், அந்நாளில் அஸ்ஸாம் மாகாணத்தைச் சேர்ந்திருந்த நாகா மலைப் பகுதியில், சாங்கி என்னும் சிற்றூரில் டாலிமேரன் பிறந்தார். தந்தையார் சுபோங்வாதி என்பவர் கிறிஸ்தவப் போதகர். பன்னிரண்டு மக்களுள் நான்காமவர் நம் தலைவர். ஆவோ என்பது அவருடைய குலப்பெயர். மொகொக்சுங் வட்டாரத்தில் வாழும் நாகர்களுள் ஒரு பெரும் பிரிவினர் ஆவோக்கள் எனப்படுவர்.

பின்னர் அக்குடும்பம் இம்பூர் என்னும் இடத்திற்குக் குடிபெயர்ந்தது. அமெரிக்க பாப்டிஸ்ட் சபையார் 1894 ஆம் ஆண்டு முதல் அங்கே தங்கள் தலைமை நிலையத்தை அமைத்துப் பள்ளியும் மருத்துவ வசதியும் நடத்தி வந்தார்கள். அந்த நிலையத்தின் முற்றமே டாலிமேரனுக்கு முதல் மைதானம். தோல் பந்து வாங்க வசதி ஏது? கந்தல் துணிகளைச் சுருட்டி இறுகக் கட்டிய பந்தையே சிறுவர்கள் உதைத்தார்கள். துணிப்பந்து துள்ளாது, தானாக உருண்டும் ஓடாது. அதனைக் காலோடு காலாக ஒட்டி நடத்திச் செல்லுகின்றவனுக்கே அது வசப்படும். நம் தெருக்களிலும் அத்தகைய பந்தை உதைத்து வளர்ந்தோர் பலர் உளராதலின், அந்தப் பயிற்சியின் அருமையை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

உயர்நிலைக் கல்விக்காக அவர் மலையை விட்டு இறங்கிச் சமவெளியிலுள்ள ஜோர்ஹாட் நகருக்குச் சென்றார். அங்கே ஓட்டம், தாண்டுதல், கால்பந்து ஆகிய யாவற்றிலும் முதல்வராக விளங்கினார். இந்நிலையில் 1935 ஆம் ஆண்டில் குடும்பத்தின் மேல் இடி விழுந்தது. தந்தையார் விஷ ஜுரத்தால் பீடிக்கப்பட்டு உயிர் நீத்தார். டாலிமேரனுக்கு அப்போது வயது 17. மலைநாட்டு மக்கள் தக்க மருத்துவம் இன்றி மாய்வதைக் கண்டிருந்த அப்பெரியவர், மகன் ஒரு வைத்தியனாகித் தன் மக்களுக்குத் தொண்டு செய்ய வேண்டும் என்ற விருப்பத்தை மரணப் படுக்கையில் வெளியிட்டார். மகனும் அதனைத் தலைமேற் கொண்டார். இனி வரும் வரலாறெல்லாம் அந்த ஒரு சொல்லைச் சுற்றியே சுழல்கின்றது.

ஆற்றைக் கடந்த பிரயாணம்

கௌஹாத்தி நகரில் 1901 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட காட்டன் கல்லூரியில் டாலிமேரன் சேர்ந்தார். அந்நகரின் மகாராணா கழகம் அவரைத் தன் அணியில் சேர்த்துக்கொண்டது. அங்கே உடன் ஆடிய சரத் தாஸ் என்பவருடைய நட்பு, கல்கத்தாவின் புகழ் வாய்ந்த மோகன் பகான் கழகத்திற்கு வழி திறந்தது. ஆயினும் அவர் கல்கத்தாவிற்குச் சென்றமைக்கு முதற்காரணம் கால்பந்து அன்று. 1942 ஆம் ஆண்டில் அந்நகரின் கார்மைக்கேல் வைத்தியக் கல்லூரியில் அவருக்கு இடம் கிடைத்தது. 1948 முதல் ஆர். ஜி. கர் வைத்தியக் கல்லூரி என்று வழங்கப்படுவது அக்கல்லூரியே.

அக்காலத்தில் கௌஹாத்தியிலிருந்து கல்கத்தா செல்லும் பிரயாணம் எளிதன்று. பிரம்மபுத்திராவின் குறுக்கே அங்குப் பாலம் இல்லை. சராய்காட் பாலம் 1962 ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டது. பாண்டு துறையில் நீராவிப் படகேறி, எதிர்க்கரையிலுள்ள அமின்காவோனில் இறங்கி, மீட்டர் கேஜ் வண்டியில் அமர்ந்து, நடுவழியில் அகலப்பாதை வண்டிக்கு மாறி, கிழக்கு வங்காளத்தின் வழியாகச் சியால்டா நிலையத்தை அடைய வேண்டும். அதுவோ யுத்த காலம். பர்மா ஜப்பானியர் வசமாகியிருந்தது. படைகளும் தளவாடங்களும் அஸ்ஸாம் பாதையில் இடைவிடாது சென்றுகொண்டிருந்த நாட்களில், தந்தையற்ற ஓர் இளைஞர் தொலைதூர நகரத்தில் படிப்பு முடித்தாக வேண்டும் என்ற உறுதியோடு வந்து சேர்ந்தார். ஊர் விட்டு வந்து வாழ்கின்ற நமக்கு அவருடைய மனநிலை விளங்காமற் போகாது.

மருத்துவமனையும் மைதானமும்

கல்கத்தாவில் கால்பந்துப் பருவம் கோடையில் தொடங்கி மழைக்காலம் முழுவதும் நீடிப்பது. மோகன் பகான் என்னும் பெயரைக் கேட்டாலே வங்காளியர் உள்ளம் பூரிக்கும். 1911 ஆம் ஆண்டில் கிழக்கு யார்க்ஷயர் ரெஜிமெண்டை 2-1 என்ற கணக்கில் வென்று ஐ. எப். ஏ. கேடயத்தைக் கைப்பற்றிய முதல் இந்திய அணி அது. அன்று ஆடிய பதினொருவரில் ஒருவர் நீங்கலாக ஏனையோர் வெறுங்காலோடு ஆடினர். அத்தகைய கழகத்தில் மலைநாட்டிலிருந்து வந்த மாணவர் ஒருவர் இடம்பெற்றது சிறிய செய்தியன்று.

முன்வரிசை ஆட்டக்காரராக வந்தவரைக் கழகத்தார் பின்னுக்கு அழைத்து நடுவரிசையில் நிறுத்தினர். நடுவரிசையில் நிற்பவனுக்குக் கோல் அடித்த பெருமை அரிதாகவே வாய்க்கும். எதிரியின் தாக்குதலை முறிப்பதும், பந்தைக் கைப்பற்றித் தன் முன்னணியினர்க்கு அனுப்புவதும் அவன் வேலை. உயரமும் நீண்ட காலும் வாய்க்கப் பெற்ற டாலிமேரனுக்கு அந்த இடம் இயல்பாகப் பொருந்தியது. 1943, 1944 ஆம் ஆண்டுகளில் மோகன் பகான் கல்கத்தா லீக் போட்டியில் முதலிடம் பெற்றது. சில ஆண்டுகளுக்குள் அவரே அக்கழகத்தின் தலைவரானார். 1947 இல் கேடயமும் மீண்டும் அக்கழகத்தின் கைக்கு வந்தது. 1911 க்குப் பின் 36 ஆண்டுகள் கழித்துக் கிட்டிய கேடயம் அது. மறு ஆண்டும் அதனையே வென்றார்கள்.

இந்த வெற்றிகளைப் பட்டியலிடுவது எளிது. அவ்வாண்டுகளில் கல்கத்தா இருந்த நிலையையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1943 இல் வங்காளப் பெரும் பஞ்சம். தெருவோரங்களில் மக்கள் பசியால் மடிந்தனர். 1946 ஆகஸ்டில் வகுப்புக் கலகம், 1947 இல் நாட்டுப் பிரிவினை, அகதிகள் வெள்ளம். இத்தனைக்கும் இடையே ஒரு மாணவர் காலையில் வைத்தியக் கல்லூரிக்கும் மாலையில் மைதானத்திற்கும் கடமைப்பட்டவராய் வாழ வேண்டியிருந்தது. ஆட்டத்தின் புகழ் வளர வளர, படிப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் எவர்க்கும் எழக்கூடும். அதிலும் கல்கத்தாவில் கால்பந்து வீரர் என்றால் டிராமிலும் கடைத்தெருவிலும் இனங்கண்டு கொண்டாடுவார்கள். டாலிமேரன் அந்த வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படவில்லை.

இலண்டனில் ஒரு நாள்

1948 ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடைபெற்றன. யுத்தத்தின் காரணமாக 12 ஆண்டுகள் நின்றுபோயிருந்த விழா அது. நம் நாடோ சுதந்திரம் பெற்று ஓராண்டும் நிறையாத இளங்கன்று. கால்பந்து அணியின் தலைவராக டாலிமேரன் தேர்ந்தெடுக்கப்பட்டார். பயிற்சியாளர் பலாய்தாஸ் சட்டர்ஜி. ஜூலை 29 ஆம் நாள் வெம்பிளி அரங்கில் நடந்த தொடக்க அணிவகுப்பில், சுதந்திர இந்தியாவின் மூவர்ணக் கொடியை ஏந்தி முன்னே நடந்தவரும் அவரே. துணிப்பந்து உதைத்த மலைநாட்டுச் சிறுவனுடைய கையில் நாட்டின் கொடி!

அவ்வணியில் நம் பெங்களூரின் பங்கு பெரிது. 1809 ஆம் ஆண்டு அளவில் இங்கே ஆங்கிலேயர் தண்டு அமைத்த நாள் தொட்டு, பட்டாளத்தைப் பின்தொடர்ந்து தமிழ் மக்கள் பலர் வந்து குடியேறினர். பட்டாளத்தார் ஆடியதைக் கண்டு நம்மவர்களும் பிற சமூகத்தாரும் வெறுங்காலால் பந்தாடப் பழகினார்கள். அந்த மரபின் பயனாக மைசூர் அணி 1946 இல் வங்காள அணியை வென்று சந்தோஷ் கோப்பையைப் பெற்றது. கோல் காத்த வரதராஜ், நடுவரிசையில் ஆடிய பஷீர், முன்னணியில் அகமது கான், சாரங்கபாணி ராமன் ஆகிய மைசூர் ஆட்டக்காரர்கள் டாலிமேரனுடைய அணியில் இடம்பெற்றனர். நாகர், வங்காளியர், பீகாரியர், தென்னாட்டார் எனப் பல மொழியினர் கூடிய அணி அது. இந்துவும் முஸ்லிமும் கிறிஸ்தவரும் ஒரே சட்டை அணிந்து ஆடிய அக்காட்சி, பிரிவினையின் புண் ஆறாத அவ்வாண்டில் தனிப் பொருள் உடையது.

ஜூலை 31 ஆம் நாள் இல்போர்டு என்னும் இடத்திலுள்ள கிரிக்கிள்பீல்டு மைதானத்தில் பிரான்சு தேசத்து அணியை இந்தியா எதிர்த்தது. சுமார் 17,000 பேர் கூடியிருந்தனர் எனப் பதிவாகியுள்ளது. நம்மவருள் பெரும்பாலோர் பூட்ஸ் அணியாமல் வெறுங்காலோடோ சாக்ஸ் மட்டும் அணிந்தோ களத்தில் நின்றதைக் கண்டு கூட்டம் வியந்தது. பூட்ஸ் ஏன் இல்லை என்று பத்திரிகையாளர் வினவியபோது, ஆட்டத்தின் பெயரிலேயே கால்தான் இருக்கிறதேயன்றிப் பூட்ஸ் இல்லையே என்னும் பொருள்படத் தலைவர் நகைச்சுவையாக விடையிறுத்தார் என்று இன்றும் கூறுவார்கள்.

30 ஆம் நிமிடத்தில் கூர்பென் என்பவர் பிரான்சுக்காக ஒரு கோல் போட்டார். நம்மவர் தளரவில்லை. இந்தியாவிற்கு ஒரு பெனால்டி கிடைத்தது, அது வீணாயிற்று. மற்றுமொரு பெனால்டி கிடைத்தது, அதுவும் வீணாயிற்று. ஒன்றைத் தவறவிட்டவர் சைலேன் மன்னா, மற்றொன்றைத் தவறவிட்டவர் மகாவீர் பிரசாத். இருவரும் தலைசிறந்த ஆட்டக்காரர்களே. 70 ஆம் நிமிடத்தில் ராமன் பந்தை வலைக்குள் செலுத்தினார். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா பெற்ற முதல் கோல் அது; அதனை அடித்தவர் சாரங்கபாணி ராமன் என்பதை நம் காலனிப் பிள்ளைகள் நினைவில் வைத்தல் வேண்டும். கணக்கு சமமாயிற்று. வெற்றி எவர் பக்கம் எனத் தெரியாத நிலையில், 89 ஆம் நிமிடத்தில் பெர்சியோன் என்பவர் பிரான்சின் இரண்டாவது கோலைப் போட்டுவிட்டார். 2-1 என்ற கணக்கில் இந்தியா தோற்றது. தோற்ற அணி வெளியேற வேண்டும் என்பது விதியாதலின், அவ்வொரு நாளோடு ஒலிம்பிக் கனவு முடிந்தது.

நம் நாட்டில் அந்நாளில் 70 நிமிட ஆட்டமே பெருவழக்காக இருந்தது. ஒலிம்பிக் ஆட்டமோ 90 நிமிடம். கடைசிக் கோல் விழுந்த நேரத்தைப் பார்த்தால், இந்த வேற்றுமை எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்பது விளங்கும். பின்னர் 1952 இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்ற கணக்கில் தோற்ற பிறகே, பூட்ஸ் அணிதல் கட்டாயம் என இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் விதித்தது. இலண்டனில் ஆடியோர் அக்குறைகளோடு போராடியவர்கள். ஆயினும் அவர்கள் தோல்வியைக் கண்டு எவரும் ஏளனம் செய்யவில்லை. தாயகம் திரும்புமுன் ஆலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில் அயாக்ஸ் கழகத்தை 5-1 என்ற கணக்கில் வென்று, தங்கள் ஆற்றல் எத்தகையது என்பதைக் காட்டினார்கள்.

புகழின் உச்சியிலிருந்து

இங்கேதான் நம் வரலாற்றின் முக்கியமான கட்டம் வருகின்றது. நாட்டின் கால்பந்துத் தலைவர், கொடி ஏந்தியவர், கல்கத்தா மக்களின் அன்பிற்கு உரியவர். அவருக்கு அப்போது வயது 30. ஆடும் கால்களில் வலிமை இன்னும் குன்றவில்லை. ஆனால் வைத்தியப் படிப்பு முடியவில்லை. பெரும்பாலோர் எதனைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். டாலிமேரன் இலண்டனிலிருந்து திரும்பி, மாணவராக மீண்டும் கல்லூரிப் படிகளில் ஏறினார். 1950 ஆம் ஆண்டில் எம். பி. பி. எஸ். பட்டம் பெற்றார்.

1942 இல் சேர்ந்து 1950 இல் பட்டம், எட்டு ஆண்டுகள்! இதனைப் பெற்றோர்கள் கவனிப்பார்கள் என்பதை நான் அறிவேன். இரண்டு சுமைகளைத் தூக்குகின்றவன் மெதுவாகவே நடப்பான். அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் சென்று சேர வேண்டிய இடத்தை அவர் மறக்கவில்லை. இன்னும் ஒன்று: அவ்வாண்டு ஜனவரியில், குடியரசு மலர்ந்த அதே நாளில், அஸ்ஸாம் இணைப்பு ரயில்பாதை பிரயாணிகளுக்குத் திறக்கப்பட்டது. பிரிவினையால் பழைய பாதை கிழக்குப் பாகிஸ்தானுக்குள் அகப்பட்டுப்போக, இந்திய மண்ணிலேயே மலைச்சாரலை ஒட்டி இரண்டாண்டுக் காலத்தில் அமைக்கப்பட்ட பாதை அது. தாயகத்தோடு அஸ்ஸாம் மீண்டும் இணைக்கப்பட்ட அவ்வாண்டிலேயே, அத்திசை நோக்கித் திரும்ப வேண்டிய வைத்தியரும் தயாராகிவிட்டார்.

முதலில் திப்ருகார் நகரிலிருந்த மருத்துவமனையில் பணியாற்றினார். 1953 ஆம் ஆண்டில் நாகா மலைகளின் தலைநகரான கோஹிமாவிற்கு அரசாங்க வைத்தியராக வந்து சேர்ந்தார். 1944 இல் ஜப்பானியப் படைக்கும் பிரிட்டிஷ் இந்தியப் படைக்கும் நடந்த கடும்போரில் சிதைந்த ஊர் அது. அதன்பின் 1950 களின் நடுவில் ஆயுதக் கிளர்ச்சியும் அரசாங்க நடவடிக்கையும் தொடங்கி, மலைநாடு முழுவதும் அமைதி இழந்தது. அத்தகைய காலத்தில் அரசாங்க வைத்தியராக இருப்பது எத்துணைக் கடினம்! நகரத்திற்குத் திரும்பிப் பெயரோடும் பொருளோடும் வாழ வழி இருந்தும், அவர் தம் மக்களிடையே தங்கினார். 1963 டிசம்பரில் நாகாலாந்து தனி மாநிலமான பின்னரும் அதன் வைத்தியத் துறையில் தொடர்ந்து உயர் பொறுப்புகளை வகித்து, 1978 இல் ஓய்வு பெற்றார். இருபத்தைந்து ஆண்டுகள் நாகா மலைகளில் நடந்த தொண்டு அது. செவிலியாகப் பணிபுரிந்த மாது ஒருவர் அவருக்கு இல்லத்துணையாக வாய்த்தார்.

1998 ஆம் ஆண்டு செப்டம்பர் 13 ஆம் நாள், தமது 80 ஆம் வயதில் டாக்டர் ஆவோ இயற்கை எய்தினார். திமாபூரில் அவருடைய உடல் அடக்கம் செய்யப்பட்டது. அவர் பயின்ற காட்டன் கல்லூரியில் அவர் பெயரால் ஓர் உள்ளரங்கம் விளங்குகின்றது; வடகிழக்கு மாநிலங்களுக்கிடையே அவர் பெயரால் கால்பந்துக் கோப்பைப் போட்டியும் நடத்தப்பட்டது.

நமக்கு உரிய செய்தி

இலண்டன் ஆட்டம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அதில் இந்தியா தோற்றது. கணக்குப் புத்தகத்தில் அது தோல்வியே. ஆனால் 17 வயதில் ஒரு படுக்கையருகே தொடங்கிய மற்றோர் ஆட்டம் 43 ஆண்டுகள் நடந்து 1978 இல் நிறைவெய்தியது. அதில் அவர் ஒரு நாளும் களத்தை விட்டு வெளியேறவில்லை.

எனவே காலனிப் பெற்றோர்களுக்கு அடியேன் செய்துகொள்ளும் விண்ணப்பம் இதுவே. பிள்ளை மைதானத்திற்குச் செல்வதைத் தடுக்க வேண்டாம். அவன் எதற்காகப் படிக்கின்றான் என்பதை மட்டும் அன்போடும் தெளிவாகவும் அவனுக்குச் சொல்லி வையுங்கள். அந்தச் சொல் அவன் நெஞ்சில் தைத்துவிட்டால் பந்து அவனைக் கெடுக்காது. இளைஞர்களுக்கும் ஒரு சொல். கோல் அடிக்கும் இடம் எல்லார்க்கும் கிடைப்பதில்லை. நடுவரிசையில் நின்று பிறர்க்குப் பந்தை அனுப்புகின்றவனும் தலைவனாகலாம். வெளியூரில் கற்ற கல்வி பிறந்த ஊருக்கும் பயன்படுமானால், பெற்றோர் பட்ட பாடு வீண்போகாது.

டாக்டர் டாலிமேரன் ஆவோவின் புகழ் நிலைபெறுக! நம் மைதானங்கள் நிறைக!